படுத்துப் பார்க்கக் கூடாத கட்டில்

காலை பத்து மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை நான் ஒரு வீட்டில் இருப்பேன். யாரும் குடியிருக்காத வீடு. குழாயில் தண்ணீர் வராது, அடுப்பு எரியாது. சுவரில் மாட்டியிருக்கும் டிவி வெறும் பிளாஸ்டிக் கூடு. அலமாரியில் இருக்கும் புத்தகங்களுக்கு அட்டை மட்டும்தான் உண்டு. இனிமேல் கட்டப்போகிற அடுக்குமாடியில் ஒரு வீடு எப்படி இருக்கும் என்று காட்ட, கம்பெனிக்காரர்கள் தங்கள் அலுவலகத்துக்குப் பின்னால் போட்டுவைத்திருக்கும் மாதிரி வீடு அது. வருகிறவர்களுக்கு அதைச் சுற்றிக் காட்டுவது என் வேலை.

சுற்றிக் காட்டுவதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. யாரும் கட்டிலில் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓரமாக உட்காரலாம், மெத்தையை அமுக்கிப் பார்க்கலாம், படுக்க மட்டும் கூடாது. "விரிப்பு கசங்கிடும் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் இதை மூன்று முறை சொன்னார். ஒரு துணி விரிப்பின் மேல் இவருக்கு இவ்வளவு அக்கறையா என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வேலைக்கு அன்று பதினோரு பெண்கள் வந்திருந்தோம். ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குகிறவர்கள் இருந்தார்கள். கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி உடுத்திக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். எடுத்தது என்னை. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பேச்சுத் திறமைக்காகத்தான் எடுத்தார்கள் என்று நானே முடிவு செய்து, கேட்டவர் கேட்காதவர் எல்லாரிடமும் சொன்னேன். முக்கியமாக என் தங்கையிடம் சொன்னேன். அதற்கு முன்னால் அவளிடம் பீற்றிக்கொள்ள எனக்கு ஒன்றுமே இருந்ததில்லை.

என் தங்கை என்னைவிட மூன்று வயது சின்னவள். ஆனால் அவளுக்குப் பத்து வயதாகும்போதே நான் அவள் தோளுக்குத்தான் வந்தேன். நான் அம்மா மாதிரி, வளர மறந்துபோனவள். அவள் அப்பா மாதிரி. எல்லா வீட்டிலும் அக்காவின் உடுப்பு தங்கைக்குப் போகும். எங்கள் வீட்டில் தங்கைக்குக் குட்டையாகிப்போன உடுப்பு அக்காவுக்கு வந்தது. அதையும் நாலு விரற்கடை மடித்துத் தைத்துத்தான் நான் போட்டுக்கொள்ள வேண்டும். மடித்துத் தைத்த அந்தத் தடிப்பு நடக்கும்போதெல்லாம் முழங்காலில் தட்டும். அப்பா என்னைச் 'சின்னது' என்றும் அவளை 'நெட்டை' என்றும் கூப்பிடுவார். நெட்டை என்கிறபோது அவர் குரலில் பெருமை இருந்தது. சின்னது என்கிறபோது இருந்தது பரிதாபம் என்பது என் கட்சி.

கல்யாணத்திலும் அப்படித்தான். அவளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை. வாயைத் திறந்தால் 'அடுத்த லெவல்' என்பான். அடுத்த லெவல் வண்டி, அடுத்த லெவல் வாழ்க்கை. நான் அவனுக்கு வைத்த பெயரே அதுதான், என் வீட்டுக்குள் மட்டும். என் கணவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். நல்ல மனுஷர். நல்ல மனுஷர் என்பதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லையே என்பது என் குறை.

வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆனபோது, மாதிரி வீட்டில் ஒரு நாற்காலியின் கால் ஆடியது. சரி செய்ய வந்த தச்சர்தான் அங்கிருந்த மரச் சாமான் எல்லாவற்றையும் செய்தவர். நன்றாகப் பேசுகிற ஆள். இந்தக் கட்டிலை நான் ஒருத்தியே நகர்த்திவிடுகிறேனே, எந்த மரம் இது என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

"மரம் எல்லாம் நல்ல மரந்தான்க்கா. ஆனா இது முழுக்கட்டில் இல்ல. அஞ்சடிதான். மேசை, சோபா, பீரோ எல்லாமே முக்கால் அளவு. அப்பத்தான் ரூம் பெரிசாத் தெரியும். ஒரு ரூமுக்கும் கதவு கிடையாது, பாத்தீங்களா? கதவு தெறந்தா எடத்த அடைச்சிருமே."

கதவு இல்லாததை நான் தினமும்தான் பார்த்தேன். காற்றோட்டத்துக்காக என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கூட இருக்கிறேன். அவர் ஆணியை அடித்து முடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார்.

"உங்களையும் அளவு பாத்துத்தான் எடுத்தாங்க. உயரமான ஆளு பக்கத்துல நின்னா கட்டில் பொம்மைக் கட்டில் மாதிரி தெரிஞ்சிரும்ல. மேனேஜர் என்னைக் கூப்பிட்டே கேட்டாரு, எவ்வளவு உயரம் வரைக்கும் போகலாம்னு."

பதினோரு பேரில் என்னை எடுத்ததற்குக் காரணம் அதுதான். நானும் ஒரு முக்கால் நாற்காலி. அன்று மாலை சாமான் அளவைப் பற்றி மட்டும் என் கணவரிடம் சொன்னேன். என் அளவைப் பற்றிச் சொல்லவில்லை. தங்கையிடம் போனில் வழக்கம்போல, "எங்க வீட்டு ஹால்ல இன்னைக்கு ஒரு டாக்டர் குடும்பம் வந்துச்சுடி" என்று ஆரம்பித்தேன். அந்த மாதிரி வீட்டை நான் எப்போதும் 'எங்க வீடு' என்றுதான் சொல்வேன்.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூன்று பேரும் வந்து நின்றார்கள். தங்கை, அவள் கணவன், அப்பா. எங்கள் அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கப்போகிறார்களாம். மூன்று படுக்கையறை. அப்பா தான் குடியிருந்த வீட்டை விற்று அதில் போடுகிறார், மூன்றாவது அறை அவருக்கு. எல்லாம் பேசி முடிந்து கடைசியாகத்தான் எனக்குத் தெரிகிறது. எனக்குக் காதில் புகை வராத குறை.

"சின்னதுக்கு என்ன, அது எங்க இருந்தாலும் சமாளிச்சுக்கும்" என்று அப்பா என்னையே பக்கத்தில் வைத்துக்கொண்டு மேனேஜரிடம் சொன்னார். "இவங்க வளர்ந்து வர்றவங்க. ஏத்தி விடணும்ல."

ஏற்றிவிடப்படுகிறவள் ஹாலில் நின்று திரைச்சீலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் நின்றதுமே ஹால் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். அவள் பாதித் தொடைக்குத்தான் வந்தது சாப்பாட்டு மேசை. மேனேஜர் சட்டென்று அவளை சோபாவில் உட்காரச் சொல்லிக் காபி கொண்டுவரச் செய்தார். அவருக்குத் தொழில் தெரியும்.

அடுத்த லெவல், தன் பையிலிருந்து அளவெடுக்கிற டேப் ஒன்றை எடுத்தான். தகரச் சுருள், இழுத்தால் நீளும். அவனை எனக்குப் பிடிக்காது, ஆனால் அன்று அங்கே சரியான காரியம் செய்யப்போன ஒரே ஆள் அவன்தான். அப்பா அவன் கையைப் பிடித்தார்.

"மாப்பிள்ளை, அதை உள்ள வைங்க. நம்ம வீட்டுப் பொண்ணு இங்க நிக்கிறப்போ டேப் எதுக்கு? தப்பு இருந்தா அவ சொல்ல மாட்டாளா? அவளை அவமானப்படுத்துற மாதிரி இருக்கு."

டேப் பைக்குள் போனது. அப்பா மூன்றாவது அறைக்குள் வந்தார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். அந்தக் காலத்து பஸ்ஸின் கூரை அவர் உயரத்துக்குப் போதாது, நாள் முழுக்கக் கழுத்தைச் சாய்த்தபடியே டிக்கெட் கிழித்தவர். ராத்திரியாவது நீட்டி நிமிர்ந்து படுக்க வேண்டும் என்று தன் உயரத்துக்கு ஆறேமுக்கால் அடியில் ஒரு கட்டில் சொல்லிச் செய்துவைத்திருந்தார். அவர் வாழ்நாளில் தனக்கென்று அளவெடுத்துச் செய்துகொண்டது அது ஒன்றுதான். இப்போது மாதிரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு ஏறி நின்றன.

"படுத்துப் பாக்கட்டுமா?"

"விரிப்பு கசங்கிடும்பா" என்றேன். சத்தியமாக, அது பழக்கத்தில் வந்தது. ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிற வாய்.

அவர் அடக்கமாக எழுந்துகொண்டார். "சின்னது, நீ சொல்லு. என் கட்டிலை இங்க போட முடியுமா?"

இது பழக்கத்தில் வந்த பதில் இல்லை. நான் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், என்னை ஏன் எடுத்தார்கள் என்பது உள்பட. ஹாலிலிருந்து தங்கையின் சிரிப்பு கேட்டது.

"தாராளமா போடலாம்பா" என்றேன்.

அன்று மாலை என் கணவர் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் குழாயை மூடினார். "மாமா கையெழுத்துப் போட இன்னும் பத்து நாள் இருக்குல்ல? போன் பண்ணிச் சொல்லிடு."

"காகிதத்துல அளவு எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கு. படிச்சவங்கதானே, பாத்துக்கட்டும்."

"பாக்க விட்டியா நீ?" என்று மட்டும் கேட்டுவிட்டு மறுபடி குழாயைத் திறந்தார். நல்ல மனுஷர்களிடம் இருக்கும் தொந்தரவு இது.

சொல்லிவிடுவது என்றுதான் நாலு நாள் கழித்து போனைக் கையில் எடுத்தேன். அதற்குள் அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, புது வீட்டுக்குப் பெரிய பீரோ சொல்லியிருக்கோம். இங்க இருக்கிற பழசை நீ எடுத்துக்கறியா? உன் வீட்டுக்குச் சரியா இருக்கும்."

என் முழங்காலில் அந்த மடித்துத் தைத்த தடிப்பு தட்டியது. வயிறு எரிந்தது என்று நாகரிகத்துக்காகச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன், எரிந்தது. "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்தேன். சொல்ல நினைத்ததைச் சொல்லவில்லை. அப்பா கையெழுத்துப் போட்டார்.

கட்டி முடிக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு வருஷமும் அவர்கள் பேச்சில் அந்த வீடு வளர்ந்துகொண்டே போனது. மூன்று அறை, மூன்று அறை என்று தெருவில் பேப்பர் போடுகிறவருக்குக்கூடத் தெரிந்திருந்தது. அடுத்த லெவல், ஆபீஸ்காரர்களை விருந்துக்குக் கூப்பிட ஆறு நாற்காலிகளோடு சாப்பாட்டு மேசை வாங்கினான். புது விலாசம் போட்டு விசிட்டிங் கார்டு அடித்துவிட்டான், சுவர் எழும்புவதற்குள்.

குடிபோன அன்று நான் மாடிப்படி ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். பீரோ படுக்கையறைக்குள் போனது, அப்புறம் யாரும் போக முடியவில்லை. மேசையைப் போட்டு ஒரு நாற்காலியை இழுத்தால் பிரிட்ஜ் திறக்காது. நாலு நாற்காலி மொட்டைமாடிக்குப் போனது. கடைசியாக அப்பாவின் கட்டில். அதை மூன்றாவது அறைக்குள் திருப்பித் திருப்பி எப்படியோ நுழைத்துவிட்டார்கள். நுழைத்த பிறகு கதவைச் சாத்தினால் பாதியில் கட்டில் காலில் முட்டி நின்றது. கட்டில் வேண்டும், இல்லையென்றால் கதவு வேண்டும்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. மூன்று அறை மகாராணி, நாலு விரற்கடை இடத்தில் பக்கவாட்டாக நடந்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு தங்கை என்னை வரச் சொன்னாள். கட்டிலை வெட்டப்போகிறார்களாம். கதவைக் கழற்றிவிடலாம் என்று அப்பா சொல்லிப் பார்த்திருக்கிறார். வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. சரி, கட்டிலையே வெட்டுங்கள் என்று அப்பாவே சொல்லிவிட்டாராம்.

நான் போனபோது கட்டில் ஹாலில் கிடந்தது. பக்கத்தில் ரம்பத்தோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. கம்பெனியில் விசாரித்து ஒரு தச்சரைப் பிடித்திருக்கிறான் அடுத்த லெவல். அவரேதான்.

"அட, அக்கா நீங்களா? இது உங்க வீடா?"

"தங்கச்சி வீடு" என்றேன்.

"அப்போ வேலை சுலபம். மாதிரி வீட்டுக் கட்டில் அளவுக்கே வெட்டிடறேன் சார், அஞ்சடி. அக்காவுக்குத் தெரியுமே, அங்க எல்லாமே முக்கால் அளவுதானே."

"எது முக்கால்?" என்றாள் தங்கை.

நன்றாகப் பேசுகிற ஆள் என்று முன்பே சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னார். மேசை, சோபா, இல்லாத கதவு, கடைசியில் நான். "அளவுக்கு ஆள் தேடி அக்காவை எடுத்தாங்க. நான்தான் அக்காகிட்ட அதைச் சொன்னேன். அது ஆச்சே, மூணு வருஷம் இருக்கும்லக்கா?"

மூன்று வருஷம். தங்கையின் உதடு கணக்குப் போடுவதைப் பார்த்தேன். அவள் கணவனின் கை, டேப் இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் பைக்குள் போனது. அப்பா என்னைப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டைக் கீழே விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பேச்சை விட்டுட்டு வேலையைப் பாருப்பா" என்றார்.

ரம்பம் ஓட ஆரம்பித்தது. பழைய மரம், சீக்கிரம் அறுபடவில்லை. பாதியில் தச்சர் மூச்சு வாங்கிக்கொள்ள நிறுத்தினார். வெட்டி, கால்மாட்டுப் பலகையைத் திரும்ப அடித்து, கட்டிலை அறைக்குள் போட்டுவிட்டு அவர் போனார். அப்பா படுத்துப் பார்த்தார். காலை நீட்ட முடியவில்லை, பலகை தடுத்தது. பக்கவாட்டில் திரும்பி முழங்காலை மடக்கினார். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். அப்புறம் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்த் தரையில் நீட்டிப் படுத்துவிட்டார்.

"எனக்குத் தரைதான் சௌகரியம். காத்தும் வருது" என்றார். போன் வந்து பால்கனிக்குப் போன மாப்பிள்ளை அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

அறையில் நானும் தங்கையும் மட்டும் நின்றோம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் திருப்பிச் சொல்ல என்னிடம் நாற்பது வருஷத்துப் பதில் தயாராக இருந்தது.

"ஏன்க்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"வயித்தெரிச்சல்டி" என்றேன். "எல்லாம் உனக்கே கிடைச்சுது. உயரம் உனக்கு, புது உடுப்பு உனக்கு, அப்பா வீடும் உனக்கு. ரெண்டடி குறைஞ்சா உனக்கு என்ன ஆயிடப்போகுதுன்னு தோணுச்சு."

அவள் கட்டிலின் அறுத்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். மரத்தூள் கையில் ஒட்டியது.

"இவர் வேற நாலு எடத்துல வீடு பாத்தார். எல்லாம் இதைவிடப் பெரிசு. நான்தான் இதுதான் வேணும்னு அடம் பிடிச்சேன். ஏன்னு தெரியுமா? நீ தெனமும் போன்ல சொல்வியே, எங்க வீட்டு ஹால், எங்க வீட்டு மூணாவது ரூம்னு. டாக்டர் வந்தார், வக்கீல் வந்தார், எல்லாரும் நான் சொல்றதைக் கேட்டுக்கிட்டு நின்னாங்கன்னு. அப்பா அதை வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்வார். பதினோரு பேர்ல என் பெரிய பொண்ணை எடுத்தாங்கன்னு. என்னை எதுக்கும் என்னைக்கும் யாரும் எடுத்ததில்லக்கா. வளர்ந்தேன், அவ்வளவுதான். நீ பகல்ல நிக்கிற வீட்டுல நான் குடியிருக்கணும்னு நெனச்சேன். வயித்தெரிச்சல் உனக்கு மட்டும்தானா?"

அப்பா என்னைப் பெரிய பொண்ணு என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். அதை நான் ஒரு நாளும் காதால் கேட்டதில்லை. இனிமேல் சொல்லவும் மாட்டார்.

"படு" என்றாள் தங்கை.

"என்னடி?"

"படுத்துப் பாரு. விரிப்பு கசங்கினாப் பரவாயில்ல."

அவள் முகத்தைப் பார்த்தேன். கோபமாகத் தெரியவில்லை. கோபமாக இருந்திருந்தால் நான் படுத்திருக்க மாட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தேன். தலைமாட்டில் மூன்று விரல் இடம், கால்மாட்டில் மூன்று விரல் இடம். மடித்துத் தைக்காமலே எனக்குச் சரியாக இருந்த முதல் பொருள் அதுதான். அப்பாவின் வியர்வை வாசனை இன்னும் மரத்தில் இருந்தது.

தங்கை வெளியே போய்க் கதவை இழுத்தாள். எங்கேயும் முட்டாமல் அது முழுசாகச் சாத்திக்கொண்டது. கதவுக்கு அந்தப் பக்கம் தரையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"சின்னதுக்குச் சரியா இருக்கா?"

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்குப்பா" என்றாள் தங்கை.